மடக்குக் குடை

"ஊக்கு ஒண்ணு வேணும். அவ கைப்பையில இருக்கும், பாரு" என்றாள் அக்கா.

டைம்கீப்பர் மனைவியின் கைப்பையைத் திறந்தார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அதற்குள் அவர் கை நுழைவது இதுவே முதல் தடவை. எது வேண்டுமென்றாலும் அவளே எடுத்துக் கொடுப்பாள். இப்போது கூடத்தின் நடுவில் கண்மூடிப் படுத்திருந்தாள்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். மருத்துவர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மணிக்கு வண்டி வரும். அவள் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி மின்விசிறிக் காற்றில் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. பார்க்கிறவர்களுக்கு மூச்சு விடுவதுபோல் தெரியும். அதற்காகத்தான் அக்கா ஊக்கு கேட்டாள். அவருக்கோ துணி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

பையில் ஒரு கைக்குட்டை, தலைவலி மாத்திரை, மடக்குக் குடை, ஊக்குகள் போட்ட சின்ன டப்பா. அடியில் ரப்பர் பேண்ட் சுற்றிய இரண்டு கார்டுகள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.

பச்சைக் கார்டு அவருக்குத் தெரிந்ததுதான். போன வருடம் மகனைக் குடிநோய் மையத்தில் சேர்த்தபோது கொடுத்தது. மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கை ஆடத் தொடங்கி நாலைந்து லென்ஸ் பாழானதும், உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று முதலாளி அனுப்பிவிட்டார். மையத்தில் தங்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் போய், மற்றவர்களோடு உட்கார்ந்து பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். வீட்டு மனிதர் ஒருவர் கூட வந்து ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு டைம்கீப்பர் மனைவியிடம் சொன்னது இன்னும் அவர் காதிலேயே இருந்தது. "போகட்டும். வேண்டாங்கல. ஆனா நம்ம குடும்பம் அந்தக் காகிதத்துல ஏறக்கூடாது. அங்க வாசல் பெஞ்சு ரோட்டைப் பார்த்துக் கிடக்கு. குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கோ."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. பதினொரு வாரம், பதினொரு வரி. தேதி, நேரம், கையெழுத்து. 'உறவு' என்ற கட்டத்தில் பதினொரு தடவையும் 'அண்டை வீட்டார்'.

பன்னிரண்டாவது வாரம் மகன் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. உறுதி இல்லாதவன் என்று அவர் முடிவுகட்டினார். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவர். அவருடைய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகியும் ஊர் அவரை டைம்கீப்பர் என்றே கூப்பிட்டது. அப்படிப்பட்டவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்பதை அக்கம்பக்கத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.

மஞ்சள் கார்டை அவர் பார்த்ததில்லை. திருப்பினார். போன வாரத் தேதியில் ஒரே ஒரு வரி நிரம்பியிருந்தது. மறுசேர்க்கை. அவளுடைய கையெழுத்து. உறவுக் கட்டத்தில் 'தாய்'. பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள். பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது.

அவரைக் கேட்காமல் அவள் செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வரியில் மையத்தில் முன்கூட்டியே குறித்துக் கொடுத்த இன்றைய தேதி. பத்தரை மணி. கையெழுத்துக்கும் உறவுக்கும் இடம் காலியாக இருந்தது.

"ஊக்கு கிடைச்சுதா இல்லையாடா?"

கொடுத்தார். அக்கா துணியைச் சேர்த்துக் குத்தினாள். மூச்சு நின்றது.

மாடிவீட்டுக்காரர் இரண்டு கைகளிலும் நாற்காலிகளோடு படியிறங்கி வந்தார். "சார், பத்து நாற்காலி போதுமா? கூட வேணும்னா சொல்லுங்க. தம்பி எங்க? பாவம், நரம்பு வேற சரியில்ல. அதிர்ச்சி தாங்காது சார். எங்க மச்சானுக்கும் இதே நரம்புதான்." குரலைத் தாழ்த்தினார். "சாயந்திரம் ஆறு மணிக்கு மேலதான் பிடிக்கும்."

கேலியாகச் சொன்னதுபோல் தெரியவில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காலடியில் போய் நின்றார். டைம்கீப்பருக்குக் காதில் தண்ணீர் புகுந்தாற்போல் இருந்தது. வருகிறவர்கள் வாய் அசைந்தது. சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது.

மகன் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியவற்றையே மறுபடி கழுவினான். அவர் கார்டை நீட்டினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. அம்மா சொன்னாங்க. இன்னிக்கு அவங்களும் நானும் போறதா இருந்தது."

"போன் பண்ணி விஷயத்தைச் சொல்லுவோம். வேற நாள் குடுப்பாங்க."

"குடுப்பாங்க." குழாயை மூடினான். "ஆறு நாளா தொடலப்பா. அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. சாயந்திரம் எல்லாம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதும் நான் எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியும். வேற நாள்னு ஒண்ணு எனக்கு வராது."

கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னான். அந்தப் பார்வை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவருடையதுதான்.

கடிகாரம் ஒன்பது முப்பத்தைந்து காட்டியது.

"சட்டையை மாத்து" என்றார்.

கூடத்து மேஜையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து அவள் கைப்பையில் போட்டு, பையோடு வாசலுக்கு வந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"பெத்தவளைக் கிடத்திட்டு அப்பனும் மகனும் எங்கடா கிளம்பிட்டீங்க? வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வண்டிக்காரனைப் பார்க்க என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. ஒரு வருடமாகப் பழகிய நாக்கு.

"பன்னிரண்டுக்குள்ள வந்துடுவோம்க்கா."

"எங்கன்னு கேட்டேன்."

"இவனை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ கூட்டிட்டுப் போறதா இருந்த இடம்."

அக்கா அவர் முகத்தையும், அவர் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். "பொம்பளைப் பையைத் தூக்கிட்டுப் போறியேடா."

"தெரியும்" என்றார்.

அக்கா நகர்ந்து வழிவிட்டாள். "சீக்கிரம் வந்து சேருங்க. அவளை நான் பார்த்துக்கிறேன்."

பேருந்தில் கூட்டம் இல்லை. ஜன்னலில் வெயிலும் நிழலும் மாறி மாறி வழிந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் மனசு தானாக நிமிடத்தைக் குறித்தது. ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒன்பது ஐம்பத்தெட்டு. அவள் எத்தனை மணிக்குப் போனாள் என்பது மட்டும் தெரியவில்லை. ஐந்தரைக்குத் தொட்டுப் பார்த்தபோது கை குளிர்ந்திருந்தது. அதற்கு முன்னால் எப்போதோ. அந்த ஒரு புறப்பாட்டைக் குறிக்காமல் அவர் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போதுகூட முன் இருக்கையில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், இறங்கும் இடம் வந்தால் திரும்பிப் பார்ப்பாள் என்று தோன்றியது. முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது.

"போன வருஷம் ஏன்டா போறதை நிறுத்தினே?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"அந்தப் பச்சைக் கார்டைப் பார்த்தேன்" என்றான் மகன். "அம்மா பேனா தேட என்கிட்ட குடுத்தாங்க. அதுவரைக்கும் நான் பார்த்ததில்ல."

"அவகிட்ட கேட்டியா?"

"அவங்க கையெழுத்துதான். வார்த்தை உங்களுதுன்னு தெரிஞ்சுது. கேக்க என்ன இருக்கு?"

அடுத்த நிறுத்தம் வந்தது. அவருக்கு நிமிடம் தப்பிப்போயிற்று.

மையம் ஒரு பழைய வீடு. வாசல் சுவரை ஒட்டிச் சாலையைப் பார்த்து ஒரு சிமெண்டு பெஞ்சு. உள்ளே மேஜைக்குப் பின்னால் பதிவேட்டுப் பெண் மகனைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள்.

"வாப்பா, வா. வருவேன்னு குடையம்மா சொல்லிட்டுப் போனாங்க. எங்க அவங்க? வரலையா?"

மகன் அப்பா பக்கம் திரும்பினான்.

"இன்னிக்குக் காலைல போயிட்டாங்க" என்றார் டைம்கீப்பர். "வீட்லதான் இருக்காங்க. மூணு மணிக்கு எடுக்கிறோம்."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "இப்படி ஒரு நாள்ல வரணும்னு இல்லையே. நான் தேதி மாத்தித் தந்திருப்பேனே" என்றாள்.

"இன்னிக்குத்தான் வரணும்னு சொன்னான்."

"நீங்க அவங்களுக்கு…?"

அவர் மஞ்சள் கார்டை மேஜையில் வைத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். எழுத்துகள் பூதாகாரமாக எழும்பி நின்றன. மனைவியுடைய கண்ணாடி. அவளுக்குப் பவர் கூட. இரண்டு பேர் கண்ணாடியையும் மகன்தான் தேய்த்துக் கொடுத்தான், கை நன்றாக இருந்த நாளில். கழற்ற நினைத்துக் கழற்றாமல் விட்டார். 'தாய்' என்ற சொல் மஞ்சள் அட்டையில் விரல் பருமனுக்குத் தெரிந்தது.

பேனாவைத் திறந்தார். வந்த நேரம், பத்து இருபத்தாறு. கையெழுத்து. கை உறவுக் கட்டத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. எழுதியதைப் பதிவேட்டுப் பெண் தலைகீழாகவே படித்துவிட்டு, கார்டைத் தன் பக்கம் இழுத்து முத்திரை குத்தினாள்.

மகன் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போ. நேரமாச்சு" என்றார்.

அவன் உள்அறைக்குப் போனான். கதவு திறந்தபோது வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. கதவு மூடியது.

"சார், வெயிலா இருக்கு. உள்ளயே உக்காருங்களேன்" என்றாள் பதிவேட்டுப் பெண்.

"அவ எங்க உக்காருவா?"

அந்தப் பெண் வாசலைக் காட்டினாள்.

பெஞ்சில் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. சாலை கரைந்து ஓடியது. ஆட்கள் நிறங்களாக வந்து நிறங்களாகக் கடந்தார்கள். அவளுக்குக் குடைக்குள்ளிருந்து இதுவும் தெரிந்திருக்காது. துணியும், கம்பியும், தன் கால் விரல்களும்.

சிக்னலில் ஒரு பேருந்து வந்து நின்றது. பெரிய சிவப்பு நிறமாக மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"டைம்கீப்பர் சார்! நீங்களா?"

யாரென்று தெரியவில்லை. அவர் தயாரித்த அட்டவணையில் ஓடிய எத்தனையோ பேரில் ஒருவன். முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருந்தது.

"நான்தான்" என்றார். "என் பையன் உள்ள இருக்கான். குடியை விடுறதுக்கு வந்திருக்கான்."

அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை.

"அம்மா வரலையா சார்? போன வருஷம் ரொம்ப நாள் அவங்கதானே இங்க உக்காந்திருந்தாங்க. குடைக்குக் கீழ உங்க வீட்டுப் பை தெரியும். டிப்போவுக்கு அவங்க கொண்டு வருவாங்களே, இந்தப் பைதான். நாங்க யாரும் ஹாரன் அடிக்க மாட்டோம் சார். அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு."

டைம்கீப்பர் மடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பையின் தையல் ஒவ்வொன்றும் கயிறுபோல் தடித்துத் தெரிந்தது.

"மூணு மணிக்கு வீட்டுக்கு வாங்கப்பா" என்றார். "டிப்போவுல சொல்லிடு. அவ போயிட்டா."

சிக்னல் மாறியிருக்க வேண்டும். பின்னால் ஹாரன்கள் எழுந்தன. சிவப்பு நிறம் அசையவில்லை.

"சார்…"

"வண்டியை எடு. லேட் பண்ணாத."

வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, முப்பத்தொரு வருடம் செய்ததுபோல் ஒரு தடவை வீசினார். பேருந்து நகர்ந்தது. அது நின்ற இடத்திலிருந்த நிழலும் கூடவே போயிற்று.

வெயில் சுவரிலிருந்து இறங்கி அவர் நெற்றிக்கு வந்தது. கண்ணுக்கு வந்தது. பையைத் திறந்தார். மடக்குக் குடை மேலாகவே கிடந்தது. அதை எடுத்து, தளர்ந்திருந்த பட்டியை இறுகச் சுற்றிக் கட்டி, பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே யாரோ பேசத் தொடங்கும் சத்தம் கேட்டது. மகனின் குரல்போல இருந்தது.