பத்தேகால் கோடு

...ஆக, மயிலாப்பூரில் நிற்கிற மனிதன் மவுண்ட் ரோடு போக வேண்டுமானால் முதலில் திருவான்மியூர் போக வேண்டும், வடக்கே உத்தியோகம், தெற்கே பயணம், இருபத்தாறு வருஷ சர்வீஸில் எந்தச் சுற்றறிக்கையிலும் இப்படி ஒரு விதியைச் சுந்தரராமன் படித்ததில்லை. லஸ் முனை ஸ்டாப்பிங்கில் அரைமணி நேரம் நின்றாயிற்று, நாலு பஸ் வந்தது, நாலும் பக்கவாட்டில் மனிதர்களைத் தோரணமாகக் கட்டிக்கொண்டு, நிற்காமலே போயிற்று, ஒரு வாரியத்தின் நிர்வாக அதிகாரி கையை நீட்டினால் நிற்க வேண்டும் என்று டிரைவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற மனிதர், கழுத்தில் அளவு நாடா, இனாயத் என்று தானாகவே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்ட தையல்காரர், வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இன்னா சார், புச்சா? இங்க நின்னுக்கினு இருந்தா பொங்கலுக்குத்தான் ஆபீஸ் போவே. எதிர் வண்டில ஏறி திருவான்மியூர் போ. அங்க காலியாவும். ஜன்னலாண்ட குந்திக்கினு ராஜா மாதிரி திரும்பி வா" என்றார். போவே என்கிறான், குந்து என்கிறான், ஆனால் சொல்வது நியாயமாக இருக்கிறதே... எதிர் வண்டியில் ஏறும்போது கவனித்தார், தன்னோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், சாப்பாட்டுப் பையும் குடையுமாக, ஆபீசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், யாருக்கும் இதில் ஆச்சரியமே இல்லை.

ஹெரால்ட் கார் ஷெட்டில் கிடக்கிறது, பெட்டி பெட்டியாக அழகான வண்டி, சந்தன நிறம். எங்கோ பாலைவனத்தில் ஷேக்குகள் குழாயை மூடினார்களாம், இங்கே பங்க்கில் முள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. மனைவி அபயாம்பாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், "பெட்ரோல் விக்கற வெலைக்கு நீங்க அந்த வண்டில போறதைவிட ஆபீஸை ஆத்துக்கு வரவழைச்சுடலாம், அது மலிவு." சொல்லிவிட்டு வண்டிச் சாவியைக் கடுகு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பரவாயில்லை, பஸ்ஸில் போகிறவர்கள் மனிதர்கள் இல்லையா, என்று பெருந்தன்மையாகத்தான் கிளம்பினார். ஆனால் இப்போதே மணி ஒன்பதே முக்கால். வருகைப் பதிவேடு அவர் மேஜை இழுப்பறையில், இழுப்பறைச் சாவி அவர் சட்டைப்பையில். அவர் வந்து உட்கார்ந்து, சிவப்பு மசியில் கோடு போட்டால்தான் வாரியத்துக்குப் பத்தேகால், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி. அவருக்குப் பின்னால் ஹாலுக்குள் நுழைகிறவர்கள் கோட்டுக்குக் கீழே. அவருக்கு முன்னால் நுழைந்தவர்கள் தப்பித்தார்கள். டைப்பிஸ்ட் சண்முகவடிவு பதினாலு தடவை கோட்டுக்குக் கீழே. பதினைந்தாவது விழுந்தால் வேலை நிரந்தரம் கிடையாது, நாளையோடு தகுதிகாண் காலம் முடிகிறது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதுவும் அவரே போட்ட விதி. அந்தப் பெண் விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள், வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று. அவர் ஓரத்தில் எழுதினார், 'சென்னையில் அப்படி ஓர் இடம் இல்லை.' எழுதிவிட்டு அந்த வாக்கியத்தின் கச்சிதத்தை இரண்டு நாள் ரசித்தார்.

அடையாறு பாலம் தாண்டியதும் ஊர் முடிந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தார்... முடியவில்லை. திருவான்மியூரில் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி நின்றவருக்கு முதலில் தோன்றியது, இன்றைக்கு ஏதாவது திருவிழாவா என்றுதான். பனைமரங்களுக்கு நடுவிலிருந்து ஜனம் வருகிறது. ஒற்றையடிப் பாதையில், வரப்பில், மழை விட்டுவைத்த குட்டையின் ஓரத்தில், வரிசையாக, பேசாமல், ஒரே வேகத்தில். வேட்டியைத் தூக்கிக் கட்டி, மடித்த பேண்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்கிறார் இன்னொருவர், சைக்கிள்தான் அவர்மேல் சவாரி செய்கிறது. பெண்கள் கையில் செருப்பு, இடுப்பில் சொருகிய கொசுவம், தலையில் கனகாம்பரம் மட்டும் கலையவில்லை. இத்தனை பேரும் எங்கே தூங்கினார்கள், எங்கே குளித்தார்கள், அங்கே ஒன்றுமே இல்லையே, வெறும் பனை, அப்பால் கொஞ்சம் செங்கல், கூரை போடாத நாலு சுவர், கயிற்றில் காய்கிற ஒரு சிவப்புப் பாவாடை, அதற்கும் அப்பால் அதேபோல் இன்னொன்று, அதற்கும் அப்பால்... ஊர் முடிந்ததாக அவர் நினைத்த இடத்திலிருந்து ஊர் வந்துகொண்டே இருந்தது. கோபுரம் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். தினமும் இது நடக்கிறதா, தாம் ஹிந்து பேப்பரை மடித்துவைத்துவிட்டு இரண்டாவது காபி கேட்கிற நேரத்தில், இவ்வளவு பெரிய காரியம், ஒரு சத்தமும் இல்லாமல்?

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். சண்முகவடிவு. அவரைப் பார்த்ததும் செருப்பு ஒன்று கையிலிருந்து விழுந்தது.

"சார்... நீங்களா?"

அவர் இருமினார். லஸ்ஸில் பஸ் ஏற முடியாமல் வந்தேன் என்று எப்படிச் சொல்வது, அதிகாரி ஒருவர் அப்படி...

"நான் எழுதிக் கொடுத்தது நெசமான்னு பாக்க வந்தீங்களா சார்?"

"ம்" என்றார். ஓர் எழுத்துப் பொய், இருபத்தாறு வருஷ சர்வீஸில் இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருக்கிறார். அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை. பனைகளுக்குப் பின்னால் கையைக் காட்டினாள், "தரமணிக்கும் அந்தாண்ட சார். அப்பா திருச்செந்தூர்ல இருந்ததை வித்து மனை வாங்கினாவ. ரோடு வரும்னு சொன்னாங்க, நாலு வருசமா வருது. எட்டரைக்குக் கெளம்பிடுவேன். இன்னிக்கு டீசல் இல்லன்னு ரெண்டு வண்டி வரல, அதான் இன்னும் இங்கயே நிக்கேன்." பஸ் வந்ததும் கூட்டத்துக்குள் மீன் மாதிரி நுழைந்து, ஜன்னலோரம் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து, "சார் இங்க, சார் இங்க" என்று கூவி அவரை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றாள். நிற்காதே உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தபோது மந்தைவெளி வந்துவிட்டது. தனக்காக ஒருவர் இப்படிச் சண்டைபோட்டு இடம் பிடித்தது... எப்போது, கல்யாணத்தில் கூட இல்லையே. தான் எழுதிக் கொடுத்ததை ஒதுக்கிவிடாமல் அவர் நேரில் வந்து பார்த்தார் என்று, அதற்காகவே, அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்துவிட்டாள், இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

மவுண்ட் ரோடில் இறங்கும்போது பத்து முப்பத்தெட்டு. மேலே மாடியில் நாற்பது பேர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வாரியத்தில் இன்னும் பத்தேகால் ஆகவில்லை. விஷயம் ரொம்பச் சுலபம் என்பது மாடிப்படியின் அடியில் நிற்கும்போது அவருக்குப் புரிந்தது, இந்தப் பெண் அவருக்கு முன்னால் மேலே போய்விட்டால் பிழைத்தாள். அவ்வளவுதான், முப்பது படி.

"நீ முன்னால போம்மா."

"ஐயையோ, நீங்க போங்க சார்."

"பரவாயில்லை, போ. எனக்கு மூச்சு வாங்கறது."

"அப்ப மெதுவாவே போங்க சார், நான் பின்னாடி வாரேன்." சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள். குறுகலான படி, ஒருவர் சாய்ந்து ஒதுங்கி நின்றால்தான் இன்னொருவர் போக முடியும். அவர் நின்றால் அவளும் நின்றாள், அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரி அவர் திரும்பினால் அவளும் மரியாதையாக அதைப் படித்தாள், அதில் இருந்த இரண்டு அறிவிப்பும் அவரே கையெழுத்திட்டவை. இந்தப் படியில் எத்தனை பேர் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார், அவர்களுக்கு ஏறிப் போக வேறு வழியே இல்லை என்பது இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லையே... உண்மையைச் சொன்னால் போய்விடுவாள். நான் உன்னைப் பார்க்க வரவில்லை, எனக்குப் பஸ் கிடைக்கவில்லை, நான் ஏறினால் நீ கெட்டாய், ஓடு. வாயைத் திறந்தார்.

"இன்னும் பெரிய மழை வந்தா அந்த வரப்பு என்னம்மா ஆகும்?"

"முழுகிடும் சார். அப்ப சுத்திக்கிட்டு ஏரிக்கரை மேல வரணும், அதுல பாத்தீங்கன்னா..." என்று அவள் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்தாள், அவர் கேட்டுக்கொண்டே முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தார், அதை எடுத்துக் கீழே வைப்பது எப்படி என்று தெரியாமல்.