பாறையைக் காட்டக் கூடாது

1

எல்லாருக்கும் கதை காது வழியாக வரும். எனக்கு இந்தக் கதை வாய் வழியாக வந்தது. வாய் அப்போது ஆவென்று திறந்திருந்தது. உள்ளே பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி, இவற்றோடு பல் டாக்டரின் இரண்டு விரல்கள்.

கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. "ஒரே தடவையில முடியாது சார், வாரா வாரம் வரணும்" என்றார் டாக்டர். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைப்பவனிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம். ஊசி போட்டுவிட்டு, நாம் பயத்தில் நாற்காலியின் கையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது கதை சொல்லுவார். எல்லாம் ஆற்றுக் கதை. விடுமுறை வந்தால் அவர் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். கயாக் என்றால் ஒல்லியான ஓர் ஆள் படகு. உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடையை இழுத்துப் படகோடு மூடிவிடுவார்கள். பிறகு ஆளும் படகும் ஒன்று. கவிழ்ந்தால் இரண்டும் சேர்ந்துதான் கவிழும். அதில் ஏறிக்கொண்டு, ஆறு பாறையில் மோதி நுரைத்து வெளுத்துப்போகும் இறக்கங்களாகப் பார்த்துப் போய் விழுகிறார்கள். பணம் கொடுத்துப் பல் பிடுங்கிக்கொள்கிறவன் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

நான் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. "ஆ... ஆ?" என்றேன். "வலிக்குதா?" என்றார். வலிக்கவில்லை அம்மா, "அப்புறம்?" என்று கேட்டேன்.

இப்படித் தவணை தவணையாக வந்த கதை, டாக்டரின் கணவர் பாறை மேல் நின்று கையைத் தூக்குகிற இடத்துக்கு வந்தது. என் இரண்டு காலும் நாற்காலியில் விறைத்துவிட்டன.

"கொப்பளிங்க" என்றார் டாக்டர்.

கொப்பளித்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இத்தனை வருஷமாக வாசகர்களுக்கு நான் செய்துவந்ததை எனக்கே செய்துவிட்டார்!

2

ஆரம்பம், முதல் முயற்சி: *நுரை கக்கி ஓடிய அந்த ஆற்றுக்கு அன்று ஓர் உயிர் தேவைப்பட்டது.*

(பத்திரிகை ஆசிரியர் இதைப் படித்தால் துள்ளிக் குதிப்பார். ஆனால் ஆற்றுக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. அது பாட்டுக்குப் போகிறது. அடித்தாயிற்று.)

இரண்டாம் முயற்சி: *அவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வானம் இருக்க வேண்டிய இடத்தில் கூழாங்*

(நல்ல வாக்கியம்தான். ஆனால் இது அந்தப் பாறைக் காட்சிக்கு முந்தைய வருஷத்துச் சம்பவம். பின்னால் வரட்டும்.)

மூன்றாம் முயற்சி:

"படி இருக்கு, பார்த்து!"

இது நிற்கட்டும். இதைச் சொன்னவர் மேல்தான் எனக்குப் பிரியம்.

3

சொன்னவர் டாக்டரின் வீட்டுக்காரர்.* அந்தக் கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர், ஃபோன் எடுப்பவர், அழுகிற குழந்தைக்குப் பேனா கொடுப்பவர் எல்லாம் அவரே. வாசலைத் தாண்டினால் உள்ளே ஒரு படி இறக்கம். யார் நுழைந்தாலும் பாதி எழுந்து, விரலை நீட்டி, "படி இருக்கு, பார்த்து!" என்பார். வந்தவர் திடுக்கிட்டு அவரைப் பார்ப்பார், அப்புறம் படியைப் பார்ப்பார், அப்புறம் தடுக்குவார். அவர் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் யாரும் தடுக்கியதாகத் தகவல் இல்லை.

மனைவியைக் கிளினிக்கில் "டாக்டர்" என்று கூப்பிடுவார். வீட்டிலும் அப்படித்தான். "டாக்டர், குளிக்கத் தண்ணி சுட்டிருச்சு, கொதிக்குது, கையை வச்சிராதீங்க."

ஆற்றில் அவருக்கு ஒரு வேலை உண்டு. படகுக்காரர்களை மேலே இறக்கிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு கீழே போய், அவர்கள் வந்து சேரும் துறையில் காத்திருப்பார். டாக்டர் நனைந்த கோழியாகக் கரையேறும்போது துண்டோடு நிற்பார். கல்யாணமானதிலிருந்து தொடர்கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே படித்துவருகிற வாசகர் அவர். நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை.

* ஆசிரியர் ஃபோனில் கேட்டார்: "ஹீரோவுக்குப் பேர் இல்லையா?" நாற்காலியில் படுத்திருந்த எனக்கு அவர் "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் அறிமுகமானார். இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

4

அந்த ஆற்றில் ஓர் இறக்கம் இருக்கிறது. கயாக்காரர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே சிரித்த முகம், உள்ளே போனால்தான் தெரியும். வலது பக்கம் ஒரு பெரிய பாறை. தண்ணீர் அதன் அடியைக் குடைந்து வைத்திருக்கிறது, உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது. இடது பக்கம் நாக்கு மாதிரி வழவழவென்று சரியும் பச்சைத் தண்ணீர். அதில் இறங்கினால் பிழைப்பு.

(குழுவின் தலைவர் பஸ் டிரைவர், 'கேப்டன்' என்பார்கள். அவருடைய சொந்த மாமியார் ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்து, "இது யாரை வச்சு வச்ச பேரு மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். "பொதுவா வச்சது அத்தை" என்றாராம் கேப்டன். இது கதைக்குத் தேவையில்லை. எடுக்க மனசு வரவில்லை.)

முந்தைய வருஷம் டாக்டர் அங்கே கவிழ்ந்தார். இதோ இப்போது அந்த வாக்கியம்: *வானம் இருக்க வேண்டிய இடத்தில் கூழாங்கற்கள் ஓடிக்கொண்டிருந்தன.* துடுப்பை வீசி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர வேண்டும். வீசினார். துடுப்பு ஏதோ கல்லில் மாட்டியது, தோள்பட்டை கழன்றது. பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு கையால் நீந்திக் கரை சேர்ந்தார்.

தோள் என்றால் பல் டாக்டருக்குப் பிழைப்பு. மாதக்கணக்கில் கிளினிக் பூட்டிக்கிடந்தது. வீட்டுக்காரர்தான் தலை வாரிவிட்டார், கோணல் வகிடோடு. சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டார். தோள் ஆறியது. ஆறிய மறுநாள் டாக்டர் படகைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மறுபடியும் அங்கேயா?"

"அங்கேதாங்க."

"வேற ஆறே இல்லையா ஊர்ல?"

"இருக்கு. ஆனா இன்னமும் தூக்கத்துல நான் அங்கதானே கவுந்துகிட்டே இருக்கேன்."

வீட்டுக்காரர் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

5

மாமியாரில் இறங்குவது என்றால் கீழே ஒரு பாறை மேல் ஆள் நிற்க வேண்டும். கையில் கயிற்றுப் பை; யாராவது விழுந்தால் வீசிப் பிடிக்க. அதைவிட முக்கியம், அவர் சைகை. மேலிருந்து வருகிறவருக்கு இறக்கத்தின் விளிம்புதான் தெரியும், அதற்கப்பால் என்ன கிடக்கிறது என்பது பாறை மேல் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். வழக்கமாக நிற்கும் எலக்ட்ரீஷியனுக்கு, டாக்டர் மறுபடி இறங்க வந்த அன்று காய்ச்சல்.

கேப்டன் காரைச் சுற்றி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"சார், இறங்குங்க. நீங்கதான் இன்னைக்கு."

"நானா? எனக்கு நீச்சலே தெரியாதே."

"பாறைக்கு எதுக்கு நீச்சல்? இதப் பாருங்க. ஒரு கையை நேரா மேல தூக்கினா, வான்னு அர்த்தம். சாய்ச்சா, அந்தப் பக்கமா வா. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சா, நிறுத்து, கரையேறி நட. அவ்ளோதான்."

"ஆபத்து எங்க இருக்குன்னு காட்டறதுக்கு?"

"அதுக்குக் கை கிடையாது."

"அது எப்படிங்க? பாறை இருந்தா பாறைன்னு காட்ட வேண்டாமா?"

"கூடவே கூடாது. அந்த இரைச்சல்ல நீங்க காட்டற பக்கம் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. பாறையைக் காட்டினீங்கன்னா நேரா பாறைக்குத்தான் போவாங்க. நல்ல தண்ணி எங்க இருக்கோ அதை மட்டும் காட்டுங்க."

இதைக் கேட்டபோது நாற்காலியில் நான் ஒரு துள்ளு துள்ளினேன். டாக்டர் கருவியை வெளியே எடுத்துவிட்டு "நரம்பைத் தொட்டுட்டேனா?" என்றார். ஆமாம், தொட்டுவிட்டார். நான் எழுதிய அத்தனை தொடர்களிலும் நான் செய்ததெல்லாம் என்ன? விரலை நீட்டிப் பாறையைக் காட்டியதுதான். அதோ கத்தி, அதோ நிழல், அதோ திறந்து கிடக்கும் கதவு! நல்ல தண்ணீரை ஒரு வாரமாவது காட்டியிருந்தால் பத்திரிகை விற்றிருக்குமா?

டாக்டர் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே வந்தார்.

"ஏங்க, நீங்க காட்டறதைத்தான் கேப்பேன்."

"நான் நிறுத்துன்னு காட்டிட்டா?"

"இறங்கி நடப்பேன்."

"கோவிச்சுக்க மாட்டீங்களே டாக்டர்?"

"ஏன்னுகூடக் கேக்க மாட்டேன். போதுமா?"

6

இப்போது அவர் பாறை மேல் நிற்கிறார். கால் நனைந்திருக்கிறது. கயிற்றுப் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருக்கிறார். மேலே, ஒரு பாறையின் பின்புறம், தண்ணீர் திரும்பிச் சுழன்று சும்மா நிற்கும் ஓர் இடம். அதை 'நிழல்' என்பார்கள். அந்த நிழலில் டாக்டரின் படகு மெல்ல ஆடிக்கொண்டு காத்திருக்கிறது. முகம் இவர் பக்கம். கண் இவர் கைமேல்.

*ஆறு ஆயிரம் சிங்கங்களைப் போல* (வேண்டாம்.)

*அவர் நெஞ்சு படபட* (அதுவும் வேண்டாம்.)

அவருக்குத் தோன்றியதை மட்டும் எழுதுகிறேன். கையை விரித்துவிட்டால் போதும். ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. சிக்கலான பேச்சு இல்லை, சண்டை இல்லை, இரண்டு கை, பக்கவாட்டில். டாக்டர் நடந்து வந்துவிடுவார். தோள் தோளாக இருக்கும். ஆனால் கை விரிந்தால் அது பொய்யா இல்லையா என்பது தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீரைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, கையைத் தூக்கினார்.

கொப்பளிங்க.

7

முடிவு, ஆசிரியர் கேட்டபடி: மேலே தூக்குகிறார். படகு இறங்குகிறது. காலி ஹெல்மெட் ஒன்று மட்டும் கீழே மிதந்து வருகிறது.

(ஆசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த டாக்டர் உயிரோடு இருக்கிறார். என் கடைவாயைக் கேளுங்கள்.)

முடிவு, என் கை தானாக எழுதியது: கவிழ்கிறார், வீட்டுக்காரர் கயிற்றை வீசுகிறார், நீச்சல் தெரியாதவர் கழுத்தளவு தண்ணீரில்...

(கைதட்டல் வாங்கும். ஆனால் இதில் கயிறு ஜெயிக்கிறது, கை ஒளிந்துகொள்கிறது. அவர் என்ன காட்டினார் என்பதுதானே கேள்வி?)

8

கடைசித் தவணை. பல் அடைத்தாகிவிட்டது. கடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது, வருத்தமாக இருந்தது. டாக்டர் அன்று கதையே சொல்லவில்லை. வெளியே வந்து முன்மேஜையில் நின்றேன்.

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ரைட்டர் சார், டாக்டர் உங்ககிட்ட எது வரைக்கும் சொன்னாங்க?"

"நீங்க கையைத் தூக்கற வரைக்கும்."

"எல்லார்கிட்டயும் அது வரைக்கும்தான்." மேஜைக்கும் டாக்டரின் அறைக்கும் நடுவே நிற்கும் பலகைத் தடுப்பைத் தட்டிக் காட்டினார். மெல்லிய பலகை. "உள்ள பேசறது ஒண்ணு விடாம எனக்குக் கேக்கும். அது அவங்களுக்கும் தெரியும்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த 'கொப்பளிங்க'வைச் சஸ்பென்ஸ் என்று எடை போட்டிருந்தேன். தொழில் புத்தி! தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் தலைகுனியக் கூடாது என்று ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறார் டாக்டர்.

"ஒரு கையைத்தான் தூக்கினேன், ரெண்டு கையும் விரிஞ்சிருச்சு சார். நான் எங்க விரிச்சேன்? அதுவா விரிஞ்சிருச்சு."

"தண்ணி?"

"இடது பக்கம் வழிச்சு விட்ட மாதிரி. ஒரு குச்சி கிடையாது."

"டாக்டருக்கு..."

"படகைத் தோள்ல வச்சுகிட்டு என் பாறையைத் தாண்டித்தானே நடந்து வரணும். நின்னாங்க. தண்ணியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. 'கயிறைச் சுத்துங்க, கிளம்பலாம்'னாங்க. அவ்ளோதான். சொன்ன வாக்கு, ஏன்னு கேக்கலை."

உள்ளிருந்து குரல் வந்தது: "என்னங்க, அங்க என்ன பட்டிமன்றம்? அடுத்தவங்களை அனுப்புங்க!"

"இதோ டாக்டர்!" என்று எழுந்தவர், மறுபடி என் பக்கம் குனிந்தார். "இந்த ஞாயித்துக்கிழமை போறோம், அதே இடம். எலக்ட்ரீஷியன் திடமாத்தான் இருக்கார். ஆனா பாறை மேல நான்தான் நிக்கணும்னு டாக்டர் கேப்டன்கிட்ட சொல்லிட்டாங்க."

"ஏனாம்?"

"கேக்கலையே" என்றார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

9

ஆசிரியர் முடிவு எங்கே என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை ஐயா. நானாக எழுதலாம்தான், ஆனால் என் விரல் பழகிய விரல், அது பாறைப் பக்கமே நீளும். டாக்டர் அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதனால் வாசகரே, பேனாவை உங்களிடம் தருகிறேன்.

வீட்டுக்காரரின் இடத்தில், அந்தப் பாறை மேல் ஏறி நில்லுங்கள். பாறை வழுக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இடது காலை வைக்கத் தட்டையாக ஓர் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள். உங்களுக்குத் துணையாக வீட்டுக்காரரின் பயத்தையும் பிரியத்தையும் முழுசாக விட்டுவைத்திருக்கிறேன், இரண்டும் ஒரே எடை. கண்ணெதிரே நாக்கு மாதிரி பச்சைத் தண்ணீர் வழிகிறது. மேலே நிழலில் டாக்டர் துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, உங்களையே பார்க்கிறார். சிரிக்கிறாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாரா? நான் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து தெரியவில்லை.

கையைத் தூக்குங்கள்.