ஏறாத ஆறரை டிகிரி

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். கேண்டீனில் குடித்துப் போட்ட தெர்மோகோல் கப்புகளைக் கழுவித்தான் இங்கே சோதனை நடத்துகிறோம். விளிம்பில் யாருடைய உதட்டுச்சாயமோ, அடியில் காய்ந்த காபியோ இருக்கும். அந்தக் கப்பில் அமிலத்தையும் காரத்தையும் சம அளவு ஊற்றி, மூடி, தெர்மாமீட்டரைச் செருகினால் சூடு ஏறும். எத்தனை டிகிரி ஏறியதென்று பார்த்து, வெளிவந்த வெப்பத்தைக் கணக்குப் போடலாம். புத்தகத்து விடை வர ஆறரை டிகிரிக்குச் சற்று மேலே ஏற வேண்டும். எங்கள் ஊர் சிபுவில் டியூஷன் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

அன்று பள்ளியின் மேல்வகுப்பான ஐந்தாம் படிவத்துக்குச் செய்முறைத் தேர்வு. நானும் துறைத் தலைவர் ஹீ சாரும் மேற்பார்வை. ஆளாளுக்கு ஆறரை, ஆறு புள்ளி ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். செங்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

"சூடு ஏறவே இல்ல டீச்சர்."

செங்கா இபான் பழங்குடிப் பெண். ஆற்றின் மேற்பகுதியில், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீளவீட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்தத் தேர்வில் தேறினால்தான் இடம்.

"கப்புக்குக் காய்ச்சல் வந்தாத்தான் ஏறும், நர்ஸம்மா," என்றான் பின்வரிசைப் பையன். வகுப்பே சிரித்தது.

ஹீ சார் வந்து எட்டிப் பார்த்தார். "மறுபடி செய்."

செய்தாள். ஏறவில்லை.

"எல்லாருக்கும் ஏறுது, உனக்கு மட்டும் ஏறலன்னா உனக்குப் பாக்கத் தெரியலன்னு அர்த்தம். பூஜ்யம்."

நான் அந்தப் பின்வரிசைப் பையனின் கப்பைப் பார்த்தேன். தெர்மாமீட்டர் அறைச் சூட்டிலேயே அசையாமல் நின்றது. அவன் தாளில் மட்டும் ஆறரை ஏறியிருந்தது. பக்கத்து மேசை, அதற்கடுத்த மேசை, எங்கும் அதே கதைதான்.

எல்லோரும் போனதும் அமில பாட்டிலில் நீல லிட்மஸ் தாளை முக்கினேன். நீலமாகவே இருந்தது. பாட்டிலோடு கேண்டீனுக்குப் போனேன். ஹீ சார் பன்றிக் கொழுப்பில் புரட்டிய கம்புவா மீ நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல இருக்கிறது வெறும் தண்ணி."

"ஆமா, மிஸ் லாவ். அமிலம் தீந்துபோச்சு. எப்பவும் கொஞ்சம் தண்ணி விட்டு ஓட்டுவோம். இந்தத் தடவ விடுறதுக்கு அடியில அமிலமே இல்ல." உதட்டிலிருந்த கொழுப்பை நாக்கால் நக்கிக்கொண்டார். "விடைதான் எல்லாருக்கும் தெரியுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"செங்காவுக்கு."

"அவளும் எழுதியிருக்கலாம்ல? யாரு வேண்டாம்னா?"

அந்த உதட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைமையாசிரியையிடம் போகிறேன் என்றேன். அவருக்கு மீ இறங்கவில்லை.

"சரி சரி, கத்தாதீங்க. பீரோவுல நல்ல பாட்டில் ஒண்ணு பூட்டி வெச்சிருக்கேன். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு மட்டும் மறுபடி வைங்க."

"நல்ல பாட்டில் இருந்துச்சா?"

"ஆய்வுக்கு அதிகாரி வந்தா காட்டணுமே."

தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கடையில் புதுக் கப்பு வாங்கிப் போனேன். செங்கா வந்தாள். அவள் பிழைத்தாள் என்ற சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"நேத்து நீ சொன்னதுதான் சரி. பாட்டில்ல இருந்தது தண்ணி."

"தெரியும் டீச்சர்."

"எப்படி?"

"எல்லாருக்கும் தெரியும். பின்னாடி ஒருத்தன் முதல்லயே லிட்மஸ் முக்கிப் பாத்துட்டான். எங்கிட்டயும் காட்டுனான். சொல்லாத, எழுதிட்டுப் போன்னான். நான்தான் கேக்கல." தரையைப் பார்த்தாள். "ராத்திரி விடுதியில எல்லாரும் திட்டுனாங்க. எங்க அம்மாகூட ஃபோன்ல, உனக்கு எதுக்குடி இந்த வேலன்னு கேட்டுச்சு."

"இன்னிக்கு எல்லாம் நல்ல சரக்கு. தைரியமா செய்," என்றேன்.

அமிலத்தை அளந்தாள், காரத்தை அளந்தாள், ஊற்றி மூடினாள். பழகிய கை. தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு விறுவிறுவென்று மேலே போனது. இந்த ஆய்வகத்தில் ஒரு கப்பு உண்மையாகவே சூடாவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

செங்கா தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவைத் திறந்து தாளின் மேல் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவுன்னு எழுதட்டும் டீச்சர்?"