திங்கட்கிழமைகளில் நடந்து வரும் ஆயாக் கொட்டகை

இடித்து இருபத்தெட்டு வருடங்களான ஆயாக் கொட்டகை, ஒரு திங்கட்கிழமை காலையில் தன் ஆறு மரக்கால்களாலும் நடந்து வந்து சிலிம் ரிவர் சந்தைக்குப் பக்கத்தில் நின்றது. அன்று பச்சை மிளகாய் கிலோ பன்னிரண்டு வெள்ளிக்கு விற்றது. ரப்பர் தோட்டம் இருந்த நாளில், பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்ற கொட்டகை அது. பிறகு எண்ணெய்க்காகச் செம்பனை நட வந்தவர்கள் இடித்துவிட்டார்கள். கூடவே கருப்பம்மாள் ஆயாவும் வந்திருந்தாள். செத்து முப்பது வருடமாகியும் அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. தன்னை வேலையிலிருந்து நிறுத்தியதாகத் தோட்டத்து ஆபீஸ் கடிதம் எதுவும் தரவில்லை என்றாள். மறுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லை. இந்த முறை கைப்பிள்ளைகள் வேண்டாம், நடக்க முடியாதவர்களை எந்த வயதானாலும் கொண்டுவாருங்கள், சாயங்காலம் வந்து கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டுத் தூளிகளைக் கட்டினாள். தூளிச்சேலை ஆளுக்குத் தகுந்தபடி நீண்டுகொடுத்தது.

வீரம்மாவின் மகன் பவித்ரனுக்கு முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இத்தனை வருடத்தில் ஒரு பகல்கூட அவள் அவனை விட்டு இருந்ததில்லை. அப்படி ஒரு நாள், இரண்டு நாள் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஈப்போவில் ஒன்று இருந்தது. கட்டில்கள் நான்கு, காத்திருந்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். தெலுக் இந்தானில் விசாரித்தால் ஈப்போவைக் கேள் என்றார்கள். ஈப்போவில் கேட்டால் உன் ஊர்ப்பக்கமே பார் என்றார்கள். இதற்குள் அவள் கண்கள் இரண்டிலும் புரை விழுந்துவிட்டது. ஊட்டும் கரண்டி கன்னத்துக்குப் போகும். பவித்ரன் சிரித்துக்கொண்டே வாயைக் கொண்டுவந்து அதைப் பிடிப்பான். மகனை விட்டுப்போக இடமில்லாமல் ஆபரேஷன் தேதியை இரண்டு முறை தவறவிட்டாள். மூன்றாவது தேதி ஒரு திங்கட்கிழமையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு யுகேந்திரன் தன் வேனில் இருவரையும் ஏற்றி வந்தான். பிள்ளையைக் கொடுத்ததும் தாய் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது கொட்டகையின் பழைய சட்டம். தாய்மார் அதை என்றைக்கும் மதித்ததில்லை. பின்பக்கம் போய்ப் பலகை இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். வீரம்மாவும் அதையே செய்தாள். கொட்டகை காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பி, வாசலை அவளுக்கு நேராகக் காட்டியது. அவள் மறுபடி பின்னால் போனாள். அது மறுபடி திரும்பியது. நான்கு சுற்று ஆனதும் கீரைக்காரர்கள் கூடைகளைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

"ஏ வீரம்மா, எனக்குத் தல சுத்துது. போறியா இல்லியா?" என்றாள் ஆயா.

"கஞ்சி சூடா இருந்தா அவனுக்குப் புடிக்காது ஆயா."

"ஊதத் தெரியாமயா நான் செத்தேன்?"

"அக்கா, மணி எட்டாச்சு," என்றான் யுகேந்திரன். "இன்னிக்கும் போகலேன்னா பேர வெட்டிருவாங்க லா."

அவள் அசையவில்லை. உள்ளே பவித்ரனின் கையில் யாரோ ஒரு கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். அவன் இழுக்க இழுக்க, பக்கத்துத் தூளியில் ஒரு சீனப் பெரியவர் ஆடிக்கொண்டே தூங்கினார்.

"அம்மா," என்றான் பவித்ரன். "போ. வேல. இருக்கு."

வீரம்மா வேனில் ஏறினாள். தாப்பா ஊரைத் தாண்டும்வரை அழுதாள். பிறகு ஈப்போ வரைக்கும் தூங்கினாள்.

சாயங்காலம் திரும்பி வந்து மகனைக் கூட்டிப்போனாள். மறுநாள் கண்கட்டைப் பிரித்ததும், மகனின் காதோரம் நரைத்திருப்பதை முதல் முறையாகப் பார்த்து, "எப்படா கிழவனான?" என்று கேட்டாள். கொட்டகை செவ்வாயன்று தெலுக் இந்தானிலும் புதனன்று ஜெலாப்பாங்கிலும் நிற்கத் தொடங்கியது. தொழிற்சாலை லாரிகள் அதற்கு வழிவிட்டன. நகர மன்றத்துக்காரர்கள் சந்தைப் பக்கம் அதன் கால்களுக்கென்று ஆறு மஞ்சள் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது கண்ணும் சரியான பிறகு, போவதற்கு எந்த வேலையும் இல்லாத ஒரு திங்கட்கிழமை, வீரம்மா மகனை விட்டுவிட்டு ஷரபுதீன் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைச் சூடு ஆறுவதற்குள், ஒருவருக்கும் பிய்த்துக் கொடுக்காமல், முழுசாகத் தின்றாள். பிறகு இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள்.