இருபத்திரண்டும் முப்பது சுழி ஆறும்

வேட்டை சீசன் முடிய ஒரே ஒரு பகல் பாக்கி இருக்கும்போது ஆர்லனின் துப்பாக்கி செத்துப்போனது. வெடித்துச் சாகவில்லை, துருப்பிடித்தும் சாகவில்லை. பழகிப் பழகியே செத்தது.

நூறு கஜத்தில் ஒரு காலி பீர் அட்டைப்பெட்டியை நிறுத்தி, குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி ஐந்து தோட்டா சுட்டான். ஒன்று பெட்டியின் மேல்மூலையில் பட்டது. ஒன்று அடியில். ஒன்று, அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும், நடுவில். மிச்சம் இரண்டும் மொன்டானா மாநிலத்துக்குள்தான் எங்கோ விழுந்தன.

கூடாரத்து வாசலில் மடக்கு நாற்காலி போட்டு டுவேன் உட்கார்ந்திருந்தான். ஆர்லனின் மனைவி மார்லிஸுக்கு அண்ணன். நன்றித் திருநாள் வான்கோழியின் மிச்சத்தை ரொட்டிக்கு நடுவில் வைத்து மென்றுகொண்டிருந்தான்.

"காத்தா இருக்கும் மாப்ள."

காற்று இல்லை. அடுப்புப் புகை நூல் பிடித்தாற்போல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஸ்கோப்பு ஆணி லூசா இருக்கும்."

"முறுக்கிப் பாத்துட்டேன் மச்சான்."

"அப்ப பெட்டிதான் ஆடியிருக்கும்."

ஆர்லன் பெட்டியை எடுத்துவர நடந்தான். பேசினால் அழுதுவிடுவான் போலிருந்தது. இங்கே காட்டுச் செம்மறிக் கடா ஒன்றைச் சுட வேண்டுமென்றால் வருஷா வருஷம் குலுக்கலில் பேர் போட வேண்டும். அவன் கல்யாணமான வருஷத்திலிருந்து போடுகிறான். அவன் அப்பாவும் போட்டார். செத்த வருஷத்துக்கும் போட்டுவிட்டுத்தான் செத்தார். அரசாங்கத்திலிருந்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. வருத்தம், குலுக்கலில் பேர் விழாததற்கு. இந்த ஜூனில் ஆர்லனின் பேர் விழுந்தது. அவனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ஜனவரியில் முழங்கால் மாற்றப் போகிறார்கள். இன்னொரு தடவை விழ வேண்டுமானால் அவன் ஆமையாகப் பிறந்திருக்க வேண்டும்.

பேர் விழுந்த அன்றைக்கே டுவேன் சொன்னான்: "என் முப்பது சுழி ஆறை எடுத்துட்டுப் போ." தோட்டாவின் பேர்தான் துப்பாக்கிக்கும் பேர்: நூறு வருஷப் பழைய ரகம், கட்டைவிரல் தடிமன், சுட்டால் தோள்பட்டையில் கழுதை உதைக்கும். ஆர்லன் சிரித்தான். அவன் இணையத்தில் படித்துக்கொண்டிருந்தது புதிதாக வந்திருந்த இருபத்திரண்டு என்கிற துப்பாக்கியைப் பற்றி. குண்டு பென்சில் மொத்தம்கூடக் கிடையாது. ஊசி மாதிரி நீளம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எண்ணூறு கஜத்துக்குப் போனாலும் தலை தாழாது. உதையே இல்லை என்பதால் குண்டு போய் விழுவதைக் குறிபார்க்கிற ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். எதிர்த்தட்டில் வைக்க இரண்டே சங்கதிதான் இருந்தன. தூரம் போகப் போகச் சின்ன குண்டின் அடி குறையும் என்பது ஒன்று. இவ்வளவு வேகத்துக்குக் குழலின் தொண்டை, அதாவது குண்டு புறப்படுகிற இடம், சீக்கிரம் வெந்துபோகும் என்பது இன்னொன்று. இரண்டாவதை எல்லாக் கட்டுரைகளும் கடைசிப் பத்தியில்தான் எழுதியிருந்தன. ஆர்லன் கடைசிப் பத்தி வரை போகிற ஆள் இல்லை. நடுவிலேயே ஆர்டர் போட்டுவிட்டான்.

வாங்கியதை வாழ்நாள் கடாவுக்காகப் பழக வேண்டாமா? தானியக் குதிர்களுக்குப் பின்னால் இரும்புத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, கோடை முழுக்கச் சுட்டான். குழல் மேல் முட்டை பொரிக்கலாம் என்கிற சூடு வரும்வரை சுட்டு, ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி மறுபடியும் சுட்டான். செப்டம்பரில் தப்பாமல் அடித்தான். அக்டோபரில் குண்டுகள் கொஞ்சம் சிதறின. காற்று என்று எழுதி வைத்துக்கொண்டான். நேற்று எழுநூறு கஜத்தில் ஒரு கடா நின்றது. மூன்று குண்டு, மூன்று வேறு வேறு பாறை. கடா ஒவ்வொரு பாறையையும் அக்கறையோடு திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துபோனது.

குழலுக்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கேமரா அவனிடம் இருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் அது இருக்கும். போனில் தெரிந்த படத்தை டுவேன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, நம்ம மாட்டுக் குட்டை வத்தி வெடிச்ச மாதிரி?"

"குழலோட தொண்டை."

"ரொம்பக் கத்திருச்சு போல." மென்று விழுங்கினான். "எத்தன சுட்ட?"

ஆர்லன் போனை அணைத்தான்.

"சொல்லுடா. மார்லிஸ்கிட்ட சொல்ல மாட்டேன்."

"அவளுக்குத் தெரியும். காலிக் கூட்டையெல்லாம் அவதான் பொறுக்குனா."

மறுநாள், கடைசி நாள், விடிந்தபோது பனி உருகியிருந்தது. மிசூரி ஆற்றங்கரைச் சரிவுகளில் பனி உருகினால் என்ன ஆகும் என்பது இங்கே மாட்டுக்கும் தெரியும்: மண் பசையாகிவிடும். ஒரு அடி வைத்தால் பூட்ஸில் ஒரு படி மண், இன்னொரு அடிக்கு இன்னொரு படி. மத்தியானம் தாண்டும்வரை தேடியதில், எதிர்ச்சரிவில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அதே கடா படுத்திருந்தது. கொம்பு முழு வட்டம் சுற்றி முகத்துப் பக்கம் வந்திருந்தது. ஆர்லன் தூரம் அளந்தான். எண்ணூறு கஜம். இருபத்திரண்டுக்காகவே பாய் விரித்துப் படுத்த மாதிரி.

அவன் தன் துப்பாக்கியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். ஐந்தில் ஒன்று நடுவில் பட்டதே. ஒருவேளை முதல் குண்டே அந்த ஒன்றாக இருந்தால்? இல்லாமல், வயிற்றில் பட்டு, அது நொண்டிக்கொண்டே போய் எங்கோ செத்தால்? அதோடு அவனால் வாழ முடியாது. கடா இல்லாமலும் முடியாது.

"மச்சான்," என்றான்.

டுவேன் கேலி செய்வான் என்று காத்திருந்தான். அவன் செய்யவில்லை. தோளிலிருந்து முப்பது சுழி ஆறைக் கழற்றி நீட்டினான். அதுதான் தாங்க முடியவில்லை.

"முந்நூறு கஜத்துக்குள்ள போயிரு. அதுக்கு மேலன்னா ஜெபம் பண்ணிக்க. லேசா எடப்பக்கம் இழுக்கும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எத்தன அங்குலம் மச்சான்?"

"கொஞ்சம்னா கொஞ்சம்டா. போ, பொழுது போவுது."

டுவேனுக்கு இடுப்பு சரியில்லை. அவன் முகட்டிலேயே பைனாகுலரோடு இருந்துவிட்டான். ஆர்லன் பள்ளத்துக்குள் இறங்கினான். முதல் வளைவு தாண்டி, மச்சான் கண்ணுக்கு மறைந்ததும் நின்றான். துப்பாக்கி வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. டுவேன் எப்போதும் ஒட்டியிருப்பான், மண் போகாமல் இருக்க. டேப்பைக் கிழித்துக்கொண்டு குண்டு போனால் ஒன்றும் ஆகாது என்று பலபேர் சுட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆர்லன் அதையும் படித்திருந்தான். ஆனாலும் அரை அங்குலம் விலகிவிட்டால்? வாழ்நாள் குண்டு. உரித்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

பள்ளத்தின் அடியில் கணுக்கால் வரை புதைந்தது. மேலே ஏறும்போது முழங்கால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சத்தம் போட்டது. பாதி ஏற்றத்தில் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலுறையோடு நடந்தான், பிறகு நடக்க முடியாமல் நாலுகாலில் போனான், பிறகு வயிற்றால். துப்பாக்கியை முன்னால் தள்ளுவது, பின்னால் ஊர்வது. சூரியன் தன் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது. விரல்கள் யாருடைய விரல்களோ என்று ஆகிவிட்டன. அப்பா பேரைச் சொல்லி வேண்டினான், பிறகு அப்பாவைத் திட்டினான், பிறகு வெறுமனே எண்ணெய்ச் செக்கு மாதிரி முனகிக்கொண்டே ஊர்ந்தான்.

கடைசிப் புதரின் கீழ் வந்து தலையைத் தூக்கினான். நூற்றைம்பது கஜம்கூட இருக்காது. கடா எழுந்து நின்று பக்கவாட்டில் காட்டிக்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டகைக் கதவு அளவு இருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தாலும் படும், நிறைய இழுத்தாலும் படும். கண்ணை மூடிச் சுட்டாலும் படும்.

ஸ்கோப்பைத் துடைக்கக் கை நீட்டியபோதுதான் குழலின் நுனியைப் பார்த்தான். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. வழவழவென்று, கைதேர்ந்த கொத்தனார் பூசியதுபோல, மண்.

குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டைச் சத்தமில்லாமல் உருவி, அந்தப் பக்கமாகக் குழலுக்குள் எட்டிப் பார்த்தான். இருட்டு. புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வாய்வழியாகக் குத்தினான். மண் உள்ளே போனது. மெதுவாகத் தோண்டினான். குச்சி முறிந்து உள்ளேயே தங்கியது. சுண்டுவிரலை விட்டான், நகம் மட்டும் போயிற்று. அப்படியே சுட்டால் குழல் பிளக்கும், முகத்துக்கு நேரே பிளக்கும். முகம் அவ்வளவு அவசியமா என்று ஆர்லன் வெட்கமில்லாமல் யோசித்துப் பார்த்தான். மார்லிஸ் என்ன சொல்வாள் என்றும் யோசித்தான். இன்னொரு குச்சியை ஒடித்தான்.

கடா ஒன்றுக்குப் போனது. உடம்பைச் சிலிர்த்தது. இவன் இருந்த புதரை, முந்தாநாள் பாறைகளைப் பார்த்த அதே அக்கறையோடு பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் முகடு நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"இருடா," என்றான் ஆர்லன் மெல்ல. "இரு. இரு."

எதிர் முகட்டிலிருந்து டுவேனின் குரல் காற்றில் தேய்ந்து வந்தது. "சுடுறா மாப்ள, என்னடா பண்ற."

இரண்டாவது குச்சி முதல் குச்சியைக் கொக்கிபோல மாட்டி இழுத்தது. மண் உருண்டை ஒன்று கழன்று விழுந்தது. குழல் வழியாகப் பார்த்தான். காசு அகலத்துக்கு வானம் தெரிந்தது. போல்ட்டைச் செருகி, தோட்டா ஏற்றி, தோளில் வைத்தபோது முகட்டில் இரண்டு கொம்புகள் மட்டும் இருந்தன. அப்புறம் அவையும் இல்லை.

வெகுநேரம் கழித்து டுவேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தான். மண்ணையும் குச்சிகளையும் பார்த்தான். குழலின் நுனியைப் பார்த்தான். எல்லாம் புரிந்துபோயிற்று.

"டேப்ப ஏன்டா உரிச்ச?"

"அரை அங்குலம் வெலகிரும்னு."

டுவேன் கடா நின்ற இடத்தைப் பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்தது. தம்பியை உட்கார வைப்பதுபோல ஆர்லனைத் தோளில் தட்டினான். ஆர்லன் உட்காரவில்லை. துப்பாக்கியை ஊன்றி எழுந்தான். முழங்கால் மடங்க மறுத்தது. காலை விறைப்பாக இழுத்துக்கொண்டே முகட்டைப் பார்த்து நடந்தான்.

"எங்கடா போற? சட்டப்படி சுடுறதுக்கு இன்னும் பத்து நிமிசம்கூட இல்ல."

"அதுவரைக்கும் போறேன்."

"அந்தப் பக்கம் ஆறுடா. ஒண்ணும் நிக்காது."

"சரி மச்சான்," என்று சொல்லிவிட்டு ஆர்லன் ஏறிக்கொண்டே இருந்தான்.