பெயர் எழுதாத டப்பா

மாவு எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த விசாலாக்ஷி, தயிருக்குப் பின்னாலிருந்த நீலப் பெட்டியை வெளியே எடுத்தாள். முந்தின நாள்தான் கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தாள். பெட்டிக்குள் ஐஸ் பைகள். நடுவில் மூடி இறுக்கிய சிறு டப்பா. உள்ளே இருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது.

"கேஷவ், என்னடா கண்றாவி இது?"

கேஷவ் வாயில் பற்பசையோடு நின்றான். டப்பாவின் மேல் பெயர் இல்லை. மருந்து ஆராய்ச்சியில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெருங்குடல் புண்ணுக்கான ஆராய்ச்சி மாத்திரை ஒன்றை அவன் ஆறு வருடமாகச் சாப்பிடுகிறான். அதற்கு முன்பு வானவடியில் இருந்த வீட்டிலிருந்து அலுவலகம் வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். ஒருநாள் அதுவரைகூடத் தாங்கவில்லை. அன்று அவன் பேண்ட்டை அலசியது மனைவி ப்ரீத்தி. அம்மாவிடம் ஃபோனில் எப்போதும், "நன்னா இருக்கேம்மா."

"கேக்கறேனே. யாரோடது?"

"என்னோடதும்மா." அறை வாசலில் ப்ரீத்தி நின்றிருந்தாள். "டெஸ்ட்டுக்குக் குடுக்கணும்."

சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் பேசுவதற்கு நேரம் இருந்தது. அவன் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"டாக்டர்தாம்மா அவளை ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொன்னார்."

"எந்த டாக்டர்டா சொல்லுவான்? எம்புள்ள சாப்பிடற தயிர் பக்கத்துலயா?"

தயிர் போயிற்று. மாவு போயிற்று. ப்ரீத்தி துடைக்கத் துணி கொண்டுவந்தாள்.

"நீ தள்ளிக்கோடிம்மா. நான் பாத்துக்கறேன்."

கேஷவ் பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அந்த மல மாதிரியைப் பார்த்துத்தான் மாத்திரையைத் தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். நர்ஸ் எண்ணைச் சரிபார்த்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் போல, வீட்டில் எல்லாம் சரியா, மனைவி துணையாக இருக்கிறாளா என்று இந்தியில் கேட்டாள்.

"கர் மே சப் டீக்? வைஃப் சப்போர்ட் கர்தீ ஹை நா?"

"பஹுத்," என்றான், ரொம்பவே என்று. அவள் அதைக் கணினியில் பதிந்துகொண்டாள்.

மதியம் வீடு திரும்பியபோது ப்ரீத்தி அறைக்குள் ஆபீஸ் ஃபோன் காலில் இருந்தாள். விசாலாக்ஷி அவனுக்குக் குழைந்த சாதத்தில் ரசம் விட்டாள்.

"பாவம்தான், அவளைத் திட்டலை. ஆனா இத்தனை நாளா வியாதியை உன்கிட்டயும் மறைச்சாளாடா?"

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இல்லம்மா," என்றான்.

சாப்பிட்டு முடித்துத் தட்டையும் டம்ளரையும் தானே கழுவினான். பால்கனியில் ப்ரீத்தியின் தட்டும் டம்ளரும் தனியாக வெயிலில் கவிழ்ந்திருந்தன. தன் டம்ளரோடு அங்கே போய்க் குனிந்தான்.

"அங்க வெக்காதடா," என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது அவளுக்கு."

அறைக்குள் ப்ரீத்தி யாரிடமோ இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.