தெரிந்தவருக்கு ஒரு சேதி

இருபது வருடம் குனிந்து நின்று ஆட்டு ரோமம் கத்தரித்தவன் நான். நாற்பத்து நாலு வயதில் இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு ரோமம் வெட்டும் கூட்டத்தோடு சமையல்காரியாக என் மனைவி நெலிதா போக ஆரம்பித்தாள். ஏழு வயது யானினாவோடும் நடை பழகும் சின்னவனோடும் நான் வீட்டில் தங்கினேன்.

வீடு எனக்குச் சரிப்படவில்லை. விறகு வைப்பேன், துணி அலசுவேன், சின்னவனுக்கு ஊட்டுவேன், ஜன்னலுக்குப் போவேன். ஜன்னலில் என்ன இருக்கிறது? முள்செடி, காற்று, மண்சாலைகள் கூடும் முச்சந்தி. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே ஒரு பேருந்து வரும். திரும்பி அடுப்புக்கு வருவேன். மறுபடி ஜன்னல்.

பேச்சுத்துணைக்கு வானொலிதான். இந்த மேட்டுநிலத்தில் தொலைபேசி இல்லை. தூரத்துப் பட்டியில் இருப்பவனுக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் சீட்டு எழுதி நகரத்து நிலையத்துக்கு அனுப்புவோம். மதியம் ஒரு மணிக்கு இர்மா என்ற பெண் வாசிப்பாள். "எர்னெஸ்தோவுக்கு: பெண்குதிரை வந்து சேர்ந்தது. மற்ற விஷயம் நீ சொன்னபடியே." எல்லார் காதிலும் விழும் என்பதால், ரகசியம் என்றால் பேரே போடாமல் 'தெரிந்தவருக்கு' என்று எழுதுவது இங்கே வழக்கம். உரியவன் புரிந்துகொள்வான்.

அந்த மற்ற விஷயம் என்ன? அதுதான் என்னை உட்காரவிடவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மாலை வகுப்பில் இரண்டு குளிர்காலம் எழுத்துப் படித்திருந்தேன். யானினாவின் பழைய நோட்டில் எர்னெஸ்தோவின் மற்ற விஷயத்தை நானே எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு அரை மணி நேரம். வாசித்துக் காட்டினால், "அப்புறம் என்னப்பா?" என்பாள். பாத்திரம் கழுவாமல் கிடக்கும்.

பிறகு என் வரிகளை வேறொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு சீட்டை எழுதிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை இர்மா வாசித்தாள்:

"தெரிந்தவருக்கு: வெள்ளிக்கிழமை வண்டியில் முச்சந்தியில் இறங்குகிறேன். மன்னித்துவிட்டேன். எனக்கும் ஒரு குதிரை கொண்டு வா. உனக்குத் தெரிந்தவள்."

கையிலிருந்த தட்டை நழுவவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாய் குரைத்தது. வடக்குப் பட்டியின் ஆட்டுக்காரர் சிரிலோ; மரியாதைக்கு 'தோன்' சேர்த்துக் கூப்பிடுவோம். பெண்டாட்டி விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மழித்த கன்னத்தில் கத்தி கீறியிருந்தது, சட்டையில் வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தார். அவர் குதிரைக்குப் பின்னால், சேணம் கட்டிய இன்னொரு குதிரை. என் சீட்டை நம்பி வந்திருக்கிறார். அவர் இறங்குவதற்குள் எதிர்ப்பக்கமிருந்து பக்கத்துப் பட்டி எவரிஸ்தோ வந்தான். அவனும் தனிக்கட்டை. அவனிடமும் இரண்டு குதிரை.

"எங்க இந்தப் பக்கம், தோன் சிரிலோ?" என்றான் எவரிஸ்தோ.

"சும்மா. குதிரைக்குக் கால் பழகட்டும்னு."

"ரெண்டுக்குமா?"

"நீயும்தான் ரெண்டு ஓட்டிட்டு வந்திருக்க."

"ஒண்ணு களைச்சா இன்னொண்ணு."

"அதுக்கு எதுக்குடா பூப்போட்ட போர்வை?"

உள்ளே கூப்பிட்டு மாத்தே என்ற கசப்பு இலைத்தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே குடுவை, ஒரே குழல், கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் கண்ணும் ஜன்னலில்.

"என்ன மணக்குது இங்க? கிடாவுக்குக் கல்யாணமா?" என்றான் எவரிஸ்தோ.

"வாய மூடிட்டு உறிஞ்சு. குழல் அடைச்சுக்கப் போவுது," என்றார் சிரிலோ.

"அப்பா, இவங்க எதுக்கு அந்த..." என்று யானினா ஆரம்பித்தாள். பொரித்த ரொட்டி ஒன்றை அவள் வாயில் திணித்தேன்.

வண்டி வரக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிடலாம். யாரும் இறங்கமாட்டார்கள். அவள் மனம் மாறிவிட்டாள் என்று திரும்பிப் போவார்கள். ஆனால் சிரிலோ அடுத்த வெள்ளியும் வருவார், அதற்கடுத்த வெள்ளியும். சொல்லிவிட்டால் இர்மா காதுக்குப் போகும். இந்த வீட்டுச் சீட்டை இனி யாரும் வாங்கமாட்டார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நெலிதாவுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி கிடையாது.

குடுவை என் கைக்கு வந்தது.

"புதன்கிழமை இர்மா வாசிச்சது நான் எழுதினது," என்றேன். "யாரும் வரல. அப்படி ஒருத்தியே இல்ல. நானா கட்டினது."

எவரிஸ்தோதான் முதலில் சிரித்தான், கூரை அதிர. "வீட்டுக்குள்ளயே கெடந்தா மூளை புளிச்சுத்தான் போவும்யா! நான் சும்மா குதிரைய நடத்திட்டு வந்தேன், எனக்கென்ன." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை.

சிரிலோ அசையவில்லை.

"அவன் என்ன பண்ணினான்?"

"யாரு, தோன் சிரிலோ?"

"மன்னிச்சுட்டேன்னு எழுதினியே. மன்னிக்கற மாதிரி அவன் என்ன பண்ணினான்?"

"அத இன்னும் யோசிக்கல."

"யோசிக்காமயா எழுதின?"

அறைந்திருந்தால் தேவலை. அவர் குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். அந்நேரம் வண்டி முச்சந்தியில் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. இரண்டாவது குதிரையை அவர் இழுத்துத் திருப்பும்போதுதான் பார்த்தேன். அதன் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியின் வாரைச் சுருக்கி, குட்டையான கால்களுக்குத் தோதாகக் கட்டியிருந்தார். பதினோரு வருடமாகியும் அவள் அளவு மறக்கவில்லை. அதை அவிழ்க்காமலே ஓட்டிக்கொண்டு போனார்.

இர்மாவிடம் இருவருமே சொல்லவில்லை. சொன்னால் தாங்கள் வந்ததையும் சொல்ல வேண்டுமே.

மாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். முதலில், இங்கே யாருக்கும் இல்லாத ஒரு பேரை அவனுக்கு வைத்தேன். அவன் என்ன செய்தான் என்று கண்டுபிடிக்க நெலிதா திரும்பும்வரை ஆயிற்று. பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவன் வீடு போய்ச் சேர்கிறான், இரண்டாவது குதிரையின் பக்கத்தில் நிற்கிறான். அந்த வாரை அவிழ்த்தானா? சிரிலோவிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அவிழ்த்ததாக ஒரு முறை எழுதினேன், இல்லை என்று ஒரு முறை. இரண்டும் சரியாக வரவில்லை. நாளைக்கு மறுபடி எழுத வேண்டும்.